நன்கொடைக்காக ஒரு ப்ராக் ராக் தொகுப்பு ஆல்பம்: பணத்தை நேராகவே கொடுத்துவிட்டால் என்ன?

வாசகர் கேள்வி

"நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ப்ராக்ரசிவ் ராக் (சுருக்கமாக ப்ராக்; நீண்ட, பல பாகப் பாட்டுகளுக்குப் பேர்போன ராக் வகை) பைத்தியங்கள். பெயர் தெரியாத சின்னக் குழுக்களிடம் ஆளுக்கொரு பாட்டு வாங்கி, நிவாரண நிதிக்காக ஒரு தொகுப்பு ஆல்பம் வெளியிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மட்டும், 'இதற்குச் செலவாகிற பணத்தை நேராகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே' என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?"

ஏப்ரல் 6, இரவு

பதிலே சொல்லாதீர்கள். அவர் சொல்வதுதான் சரி.

இதே மாதிரி ஒரு ஆல்பத்தில் மாட்டிக்கொண்டு ஒன்பது மாதம் ஓட்டியவன் நான். என் கட்டிலுக்கு அடியில் இன்னும் ஒரு பெட்டி சிடி கிடக்கிறது. அச்சுச் செலவு, தபால் செலவு, உடைந்து திரும்பி வந்த உறைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை முதல் நாளே அனுப்பியிருந்தால் அதிகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏப்ரல் 7, காலை

நேற்று எரிச்சலில் எழுதிவிட்டேன். முடிவில் மாற்றமில்லை, ஆனால் காரணத்தைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

எங்களுடையது ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஆரம்பித்தது. ஏழு பேர், ஏழு ஊர், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. குழுக்கள் பாட்டுத் தருமா என்பதுதான் முதல் பயம். அந்தப் பயம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. கேட்ட குழுக்கள் எல்லாம் தந்தன, கேட்காத குழுக்களும் அனுப்பின. ஒரு வாரத்தில் கையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இசை. ஒரு சிடியில் கொள்ளுவது 80 நிமிடம்.

வேறு வகை இசை என்றால் மூன்று நிமிடப் பாட்டு இருபது வாங்கி அடுக்கிவிட்டுப் போகலாம். நம் ஆட்கள் அப்படியா? யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடத்துக்கு மேல். ஜெனசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' கிட்டத்தட்ட 23. ஜெத்ரோ டல் 1972-ல் ஒரு முழு இசைத்தட்டையே ஒரே பாட்டாகப் போட்டார்கள், அதைக்கூடப் பாதியில் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் கேட்க வேண்டும். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களிடம் "ஒரு பாட்டு தாருங்கள்" என்றால் என்ன வரும்? எங்களுக்கு முதலில் வந்த கோப்பு 26 நிமிடம். அதற்கு ஐந்து பாகம், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தலைப்பு, மூன்றாம் பாகத்துக்கு மட்டும் ஒரு துணைத் தலைப்பு.

கடைசியில் எட்டு நிமிடம் என்று வரம்பு வைத்தோம். அழுகை, கோபம், ஒரு ராஜினாமா. ஒரு குழு "பாகம் ஒன்று" என்று எழுதி ஏழு நிமிடத்தில் அந்தரத்தில் விட்டுவிட்டது. பாகம் இரண்டு எங்கே என்று இன்றுவரை ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள். இன்னொரு குழுவின் பாட்டு, எங்கள் பட்டியலில் சரியாக 7:59. ஒரு விநாடிகூட விட மனசில்லாத பேராசை என்று நாங்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தோம்.

ஏப்ரல் 7, மதியம்

மேலே 80 நிமிடம் என்று எழுதினேன். சிடி வந்தபோது அளவு 74 தான், 80 பின்னால் பழகியது. எங்களுடையது எண்பதைத் தொட்டுவிட்டதால், "பழைய பிளேயர்களில் கடைசி டிராக் திக்கினால் நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அச்சிட்டுத் தந்தார்கள். அதற்கும் அரை நிமிடம் இடிக்கிறது என்று ஒரு குழுவின் பாட்டில் முன்னால் வரும் புல்லாங்குழல் ஆலாபனையை வெட்டினோம். அந்தப் புல்லாங்குழல்காரர் அதற்கப்புறம் எங்களோடு பேசவில்லை.

ஏப்ரல் 9

கவர் பாட்டுகள் போடலாமா என்று தனி மடலில் கேட்டிருக்கிறார்கள். பழைய புகழ்பெற்ற பாட்டுகளைப் புதுக் குழுக்கள் வாசித்தால் விற்குமே என்ற ஆசை. எங்களுக்கும் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் இன்னொருவர் பாட்டை வாசித்துப் பதிவுசெய்து விற்றால், ஒவ்வொரு பிரதிக்கும் பாடலாசிரியருக்கு ஒரு கட்டணம் போக வேண்டும். 2006 முதல் 2022 முடிய அது பாட்டுக்கு 9.1 சென்ட். இதைப் படித்துவிட்டு "ஒன்பது சென்ட்தானே" என்று நான்தான் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வரியைப் படிக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் பாட்டு முழுவதற்கும் நிமிடத்துக்கு 1.75 சென்ட், அரைகுறை நிமிடமும் முழு நிமிடக் கணக்கு. 23 நிமிடப் பாட்டுக்குப் பிரதிக்கு 40.25 சென்ட். சட்டத்தை எழுதியவர் மனதில் ப்ராக் ராக் இருந்திருக்காது, ஆனால் அடி நேராக நம் தலையில்தான் விழுகிறது. இப்போது கட்டணம் இன்னும் கூடிவிட்டது. பிரிட்டனில் முறை வேறு. மொத்தவிலையில் 8.5 சதவீதத்தை எடுத்து ஆல்பத்தில் உள்ள பாட்டுகளுக்குள் பங்கு போடுகிறார்கள். பாட்டு நீண்டாலும் மொத்தத் தொகை நீளாது.

நன்கொடைக்குத்தானே என்று இதெல்லாம் தானாகத் தள்ளுபடி ஆகாது. உரிமை வைத்திருப்பவர் மனசு வைத்தால் உண்டு.

சொந்தப் பாட்டு என்றால் தொல்லை இல்லை என்று நினைத்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. எங்கள் கீபோர்டுக்காரர் ஒருவர் தன் நாட்டு ராயல்டி சங்கத்தில் உறுப்பினர். சேரும்போதே உரிமையைச் சங்கத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டார். தன் பாட்டைத் தானே இலவசமாகத் தர அவருக்கு அதிகாரமில்லை. மனுஷன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. (வீடியோவில் பார்த்த முகம்தான்.) முதலிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள்: சங்கத்தில் இருக்கிறீர்களா, குழுவில் எல்லோரும் சம்மதமா, எத்தனை வருடத்துக்குத் தருகிறீர்கள். மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு குழு, அதே பாட்டைத் தங்கள் சொந்த ஆல்பத்தில் போடப்போவதாகச் சொல்லி, எங்களுடையதை எடுக்கச் சொன்னது. டிஜிட்டலில் எடுக்கலாம். சிடியில் இருந்து எப்படி எடுப்பது?

ஏப்ரல் 10

"பெரிய ஆட்கள் செய்யும்போது இதெல்லாம் வருவதில்லையே" என்று ஒருவர். வரும். நன்றாகவே வரும்.

1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டு, பீட்டில்ஸில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய கச்சேரி, ஒரே நாளில் இரண்டு காட்சி. வாசல் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட். அது யுனிசெஃபுக்குப் போய்விட்டது. பெரிய பணம் ஆல்பத்திலும் படத்திலும்தான் இருந்தது. மூன்று தட்டுகள் கொண்ட ஆல்பம், உலகம் முழுக்க விற்றது. ஆனால் தொண்டுக்கான வரி விலக்கை முன்கூட்டியே முறைப்படி வாங்கி வைக்கவில்லை. அமெரிக்க வரித்துறையில் பணம் வருடக்கணக்கில் முடங்கியது. சாப்பாட்டுக்கு என்று திரட்டிய பணம் கோப்பில் தூங்கியது.

ஆக, பணம் யாருக்கு, எந்தப் பெயரில், எந்தக் கணக்கில் என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். பாட்டு அப்புறம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஆல்பத்தை அறிவித்துவிட்டு, அப்புறம் எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்று மூன்று வாரம் சண்டை. ஒருவழியாகத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் சின்னத்தை அட்டையில் போட அவர்களுடைய எழுத்து அனுமதி வேண்டுமாம். அந்தக் கடிதம் வர ஆறு வாரம். அட்டை ஓவியம் அதற்குள் நாலு முறை மாறிவிட்டது. (ப்ராக் அட்டைகளில் பார்த்துப் பார்த்துச் சலித்த மிதக்கும் தீவுகள் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னேன். நாலாவது ஓவியத்திலும் ஒரு தீவு மிதந்தது.)

ஏப்ரல் 10, இரவு

கொஞ்சம் வேடிக்கைக்கு. நம் ஆட்களுக்கும் நன்கொடைப் பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1984 நவம்பர் 25-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பாப் பாடகர்கள் 'பேண்ட் எய்ட்' என்ற பெயரில் கூடி ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது ஸ்டூடியோவை ஒரு நாள் இலவசமாகத் தந்தவர் டிரெவர் ஹார்ன். 1980-ல் யெஸ் குழுவில் பாடியவர் அவர்தான். டிரம்ஸ் வாசித்தது ஜெனசிஸின் ஃபில் காலின்ஸ். ஆக மூன்றே முக்கால் நிமிடப் பாப் பாட்டுக்குள்ளும் நாம் இருக்கிறோம். அந்தத் தட்டு விற்ற காசிலும் பிரிட்டிஷ் அரசு விற்பனை வரியைப் பிடித்துக்கொண்டது.

1988 டிசம்பர் 7 ஆர்மீனிய நிலநடுக்கம் இன்னும் சுவாரசியம். அந்த நிவாரணத்துக்காக 1989-ல் ஒரு பெரிய கூட்டமே ஸ்டூடியோவில் கூடியது. கீபோர்டுக்கு கீத் எமர்சனும் ஜெஃப் டவுன்ஸும், பேஸுக்கு யெஸ்ஸின் கிறிஸ் ஸ்குயர், கிட்டாருக்கு ரஷ்ஷின் அலெக்ஸ் லைஃப்சனும் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மரும், இன்னும் பிளாக் சபாத்தின் டோனி அயோமி, குயீனின் பிரையன் மே. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேர சிம்பொனி செய்யலாம். வாசித்தது டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. கிட்டார் வாங்கிய முதல் நாள் எல்லோரும் வாசித்துப் பார்ப்பது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, அதனால்தான் விற்றது. அடங்காத வாசிப்புக்குப் பேர்போன எமர்சனை அடக்கி உட்கார வைத்தவருக்குத் தனியாக ஒரு நன்கொடை தரலாம்.

ஏப்ரல் 11

திருத்தம். பேண்ட் எய்ட் வரியைப் பற்றி எழுதியது பாதிக் கதை. தாட்சர் அரசு முதலில் தள்ளுபடி செய்ய மறுத்தது உண்மை. பிறகு எதிர்ப்பு கிளம்பியதும், வசூலித்த வரிக்குச் சமமான தொகையைத் தொண்டுக்கே கொடுத்துவிட்டது.

ஏப்ரல் 14

இன்று மாஸ்டரிங் பற்றி மட்டும், அதாவது அச்சுக்கு முன் எல்லாப் பாட்டின் ஒலியையும் சீராக்கும் கடைசி வேலை. இதில்தான் நான் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டேன்.

பதின்மூன்று குழு என்றால் பதின்மூன்று அறை, பதின்மூன்று காது. ஒருவர் படுக்கையறையில் ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்தவர். இன்னொருவர் வாடகை ஸ்டூடியோவில் செய்தவர். எல்லாவற்றையும் வரிசையில் போட்டுக் கேட்டால் நாலாவது பாட்டு ஒரு இடிமுழக்கத்தில் முடிகிறது, ஐந்தாவது ஒரு புல்லாங்குழல் மூச்சில் ஆரம்பிக்கிறது. கேட்கிறவர் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டுவார். ஒன்றரை நிமிடம் கழித்து டிரம்ஸ் உள்ளே நுழைந்ததும் நாற்காலியிலிருந்து விழுவார்.

நாங்கள் முதலில் எல்லா டிராக்கின் உச்சியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். தப்பு. காது உச்சியைக் கேட்பதில்லை, சராசரியைக் கேட்கிறது. சும்மா ஒரே ஒரு டிரம் அடி உச்சியைத் தொட்டுவிட்டு மற்ற நேரமெல்லாம் அடங்கிக் கிடக்கும் பாட்டு இன்னும் அடங்கித்தான் கேட்டது. பிறகு ஒரு நல்ல மனிதர் இலவசமாக மாஸ்டரிங் செய்து தருகிறேன் என்றார். தந்தார். எல்லாம் ஒரே சத்தம். நசுக்கி நசுக்கி, அந்தப் புல்லாங்குழல் டிரம்ஸுக்குச் சமமாக வந்து நின்றது. ப்ராக் பாட்டில் அமைதியைப் பிடுங்கிவிட்டால் என்ன மிச்சம்? இலவசமாகச் செய்தவரிடம் "மறுபடி செய்யுங்கள்" என்று சொல்வது எப்படி என்று நாங்கள் ஐந்து நாள் கடிதம் எழுதினோம், அழித்தோம், எழுதினோம். இலவச வேலையில் இருக்கும் பெரிய செலவு இதுதான். கடைசியில் ஒவ்வொரு பாட்டின் உரத்த பகுதியை மட்டும் மற்ற பாட்டுகளின் உரத்த பகுதியோடு காதால் ஒப்பிட்டு, அமைதியான இடங்களை அப்படியே விட்டோம். அது நின்றது.

கோப்புகள் தனிக் கூத்து. எல்லோரையும் வேவ் கோப்பு, அதாவது எம்பி3 போல ஒலியைச் சுருக்காத கோப்பு, கேட்டோம். ஒன்று கேட்கும்போது ஏதோ போர்வைக்குள் இருந்து வருவது போல இருந்தது. அலைவரிசைப் படத்தைத் திறந்து பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு, அதற்கு மேல் கறுப்பு. பழைய எம்பி3-ஐ வேவ் என்று சேமித்து அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா? கேட்டதற்கு மூலப்பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார்கள். அப்படியே போட்டோம்.

இன்னொன்று 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, பதிவானது. சிடிக்கு 44.1. முறையாக மாற்றாமல் அப்படியே 44.1 என்று நினைத்து ஓட்டினால் எட்டு சதவீதம் மெதுவாக ஓடும், சுருதி முக்கால் கட்டை இறங்கும். எங்கள் கணினியில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் ஏழு பேர் கேட்டோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் பழைய கீபோர்டு) நிறைய வேறு. "என்ன ஒரு இருண்ட மனநிலை" என்று பாராட்டி நான் சிடியோடு போகும் குறிப்புப் புத்தகத்துக்கு ஒரு பத்தியே எழுதிவிட்டேன். கடைசியில் அந்தக் குழுவின் பாடகர் சோதனைப் பிரதியைக் கேட்டுவிட்டு, "பாட்டு எங்களுடையதுதான், ஆனால் எனக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறதே" என்று எழுதினார். நல்லவேளை, அச்சுக்குப் போவதற்கு முன் சரி செய்துவிட்டோம். எந்த டிராக் என்று இப்போது ஞாபகமில்லை.

ஏப்ரல் 15

"இருண்ட மனநிலை" பத்தியை மட்டும் நீக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 19

முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ப்ராக் ரசிகர்கள் பணம் கொடுக்காதவர்கள் இல்லை. 1997-ல் மரில்லியன் குழுவுக்கு அமெரிக்கச் சுற்றுப்பயணம் போகப் பணமில்லை என்றதும் அங்கிருந்த ரசிகர்களே இணையத்தில் கூடி ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டினார்கள். குழு கேட்கவில்லை, ரசிகர்கள் ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான், 2001-ல் வெளிவந்த ஆல்பத்துக்கு அது பதிவே ஆகாதபோது குழு முன்பணம் கேட்டது, 12,000 பேருக்கு மேல் கட்டினார்கள். கூட்டுநிதி என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன் நடந்தது இது.

அப்படியானால் எங்கள் பெட்டி ஏன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது? அவர்கள் வாங்கியது உயிருக்கு உயிரான ஒரு குழுவை. எங்களிடம் வாங்கியவர் ஒரு பாட்டுக்காக வாங்கினார், மீதி பன்னிரண்டும் கூடவே வந்த விருந்தாளிகள். உண்மையைச் சொன்னால் சிடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதில் வாசித்தவர்கள், அவர்கள் உறவுக்காரர்கள், நாங்கள் ஏழு பேர். நாங்களே கடை விரித்து நாங்களே வாங்கிக்கொண்டு போனோம்.

தொகுப்பு என்றாலே இப்படித்தானா என்றால் அதுவும் இல்லை. ஃபின்லாந்தின் கொலோசஸ் ரசிகர் சங்கம் 2003-ல் ஃபிரான்ஸின் மியூசியா நிறுவனத்தோடு சேர்ந்து 'கலேவலா' என்று மூன்று சிடி போட்டது. பல நாடுகளிலிருந்து ஏறக்குறைய முப்பது குழுக்கள், ஃபின்லாந்தின் தேசிய காவியத்தைப் பங்கு பிரித்து ஆளுக்கொரு பகுதி. நன்கொடைக்காகச் செய்ததில்லை. ஆனால் அதில் ஒரு குழுவுக்காக வாங்குகிறவர்கூட அடுத்த பகுதி என்ன ஆனது என்று கேட்பார், கதை தொடர்கிறதே. எங்களுடையதில் ஒரு சரடும் இல்லை, வந்ததை வந்தபடி கோத்தோம். போடுவதென்று முடிவு செய்தால் முதலில் கதையைப் பிடியுங்கள்.

ஏப்ரல் 20

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "அப்போ போடச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2019 ஜூனில் டேவிட் கில்மர் தன் கிட்டார்களை ஏலம் போட்டார். 'கறுப்பு ஸ்ட்ராட்' என்ற கிட்டார் ஒன்றே 39,75,000 டாலர், மொத்தம் 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். அவ்வளவும் பருவநிலைக்காக வழக்காடும் க்ளையண்ட்எர்த் அமைப்புக்கு. ஆல்பமும் இல்லை அட்டை ஓவியமும் இல்லை. நேராகக் கொடுப்பது என்றால் அது.

சரி, நம்மிடம் விற்கக் கறுப்பு ஸ்ட்ராட் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 27

பழைய கணக்குத் தாள் கிடைத்தது. ஏப்ரல் 6 குறிப்பில் எழுதியது தவறு.

அச்சும் தபாலும் விற்ற பணத்திலிருந்து போனதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அதை ஏழு பேரும் கைக்காசிலிருந்து போட்டிருக்கிறோம், ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் தொகை இருக்கிறது. விற்றது முழுக்க அமைப்புக்குப் போயிருக்கிறது. நாங்கள் செலவழித்ததையும் அவர்களுக்குப் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போனதுதான் அதிகம். கொஞ்சம்தான் அதிகம். ஆனாலும் "நேராகக் கொடுத்திருந்தால் கூடுதலாகப் போயிருக்கும்" என்ற என் வாக்கியம் நிற்காது.

இன்னொன்றும் தெரிந்தது. வந்ததில் பாதிக்கு மேல் டிஜிட்டல் விற்பனை, அதற்கு நாங்கள் செலவழித்தது ஒன்றுமே இல்லை. சிடிதான் விழுங்கியது. இன்று செய்தால் சிடியே போடமாட்டேன். குழுக்கள் தங்கள் இசையை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச் 20-ல் தொடங்கிய அவர்களுடைய சிறப்பு வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுவிடுவார்கள், பணம் கடத்தும் கட்டணம் மட்டும் போகும். வெளியீட்டை அப்படி ஒரு நாளில் வையுங்கள்.

ஆனால் சிடி இல்லை என்றால் குழுக்கள் அவ்வளவு ஆர்வமாகத் தந்திருக்குமா? ஒரு டிரம்மர் தன் பெயர் அச்சான புத்தகத்தின் படத்தை எனக்கு மூன்று முறை அனுப்பினார்.

மே 2

இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம். அந்த வெள்ளம் வந்த வாரம் நான் எவ்வளவு அனுப்பினேன்? நேராக, என் பணம். பழைய வங்கிக் கணக்கைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. செய்தி பார்த்தேன், வருத்தப்பட்டேன், யாரோ ஆல்பம் என்று சொன்னதும் "நான் இருக்கிறேன்" என்று கை தூக்கினேன். ஆல்பம் இருக்கிறதே என்று தனியாக எதுவும் அனுப்பவில்லை. ஆல்பம் இல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பேனா என்றால், என்னை எனக்குத் தெரியும், அடுத்த வாரம் அனுப்பலாம் என்று இருந்திருப்பேன்.

உங்கள் குழுவில் "நேராகக் கொடுத்துவிடலாம்" என்று சொன்ன அந்த ஒருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டாரா? கொடுத்திருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். இல்லை என்றால் அவர் என்னைப் போன்றவர். அவர் தலையில் மாஸ்டரிங்கைக் கட்டுங்கள்.

மே 3

அந்த அமைப்பிலிருந்து வந்த ரசீது அதே கோப்பில் இருந்தது. குழுவின் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். 'ப்ராக்' என்பதற்குப் பதில் 'ஃப்ராக்'. நாங்கள் ஏழு பேரும் தவளைகள் என்று அங்கே யாரோ நினைத்திருக்கலாம்.

மே 11

பாதை மாறுகிறேன் என்று தெரியும், இருந்தாலும் நஷ்டம் பற்றிப் பேசும்போது 1982-ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீட்டர் கேப்ரியல் பங்கெடுத்துத் தொடங்கிய வோமாட் இசை விழா முதல் வருடமே பெரும் கடனில் முடிந்தது. நல்ல நோக்கம், உலகெங்குமிருந்து கலைஞர்கள், பணம் மட்டும் காணோம். அவர் ஏழு வருடம் முன்பு விட்டு வந்த ஜெனசிஸ், அக்டோபர் 2-ம் தேதி மில்டன் கீன்ஸில் அவரோடு ஒரே ஒரு நாள் சேர்ந்து வாசித்து அந்தக் கடனை அடைக்க உதவியது. கொட்டும் மழை. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். எங்கள் நஷ்டத்துக்கு அப்படி யாரும் வரவில்லை.

ஜூன் 1

கேள்வி கேட்டவர் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்றார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, தூசி தட்டி ஒன்றை எடுத்தேன். அனுப்பும் முன் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். இந்த சிடியை நான் முழுதாகக் கேட்டுப் பல வருடமாகிறது. இரவு பதினொன்று, ஹெட்ஃபோன்.

ஒன்பதாவது டிராக். பாடகருக்குச் சளி.

மறுபடி போட்டேன். சந்தேகமே இல்லை. டிஜிட்டல் பிரதியைத் திறந்து பக்கத்தில் ஓட்டினேன். அதில் சரியாக இருக்கிறது, பாடகர் ஆரோக்கியமாக இருக்கிறார். அதன் நீளம் 7:20. சிடி உறையில் அச்சாகியிருப்பது 7:59. அதாவது சரி செய்த கோப்பு டிஜிட்டலுக்குப் போயிருக்கிறது, அச்சுக்குப் போனது பழையது. பட்டியலில் இருந்த நீளமும் அந்தப் பழைய கோப்பிலிருந்து எடுத்தது. நாங்கள் பேராசை என்று சிரித்த அந்தக் குழு எங்களிடம் கேட்டது 7:20 தான். மீதி 39 விநாடி நாங்கள் இழுத்தது. அதற்கு இடம் போதவில்லை என்றுதான் புல்லாங்குழலை வெட்டினோம்.

வாங்கியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லி எழுதியதில்லை.

ஜூன் 3

பாடகருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவருக்கு அப்போதே தெரியுமாம். சிடி கைக்கு வந்த அன்றே கேட்டுவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்கள் எல்லோரும் ரொம்பக் களைத்துப் போயிருந்தீர்கள். அதுவும் இல்லாமல் குறிப்புப் புத்தகத்தில் இருண்ட மனநிலை என்று நன்றாக எழுதியிருந்தது" என்றார்.

புல்லாங்குழல்காரருக்கு இன்னும் எழுதவில்லை.